மூன்றாவது படத்தில் இருக்கிறவள்

கட்டிலின் மேல் நான் சுருட்டி வைத்திருந்த துண்டைப் படத்தில் பார்த்து, "வெள்ளை நாய் ஒன்று படுத்திருக்கிறது" என்று கம்ப்யூட்டர் எழுதிவிட்டது. நாய் முடி ஒத்துக்கொள்ளாத குடும்பம் ஒன்று போன் அதைப் படிக்கக் கேட்டுவிட்டு புக்கிங்கை ரத்து செய்தது. அப்படித்தான் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

நான் இருப்பது துப்புரவு வேலையில். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நாள், நாலு நாள், ஒரு வாரம் என்று விடுகிற வீடுகள். ஆள் கிளம்பியதும் உள்ளே போவோம். அடுத்த ஆள் வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இந்த வீட்டில் இதுவரை யாருமே இருந்ததில்லை என்று வருகிறவர் நினைக்கும்படி ஆக்கிவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. தலைமுடி ஒன்று கிடந்தாலும் குற்றம். எங்கள் முடி கிடந்தால் இன்னும் குற்றம்.

எங்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நானும் என் அக்காவும் ஒன்றாகத்தான் போவோம், வருவோம். போன மழைக்காலத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. அதோடு சரி. அதற்குப் பிறகு நான் மட்டும்தான்.

அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு அக்கா வைத்த பெயர் சார்ஜர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரில் பிளக் எங்கே என்றுதான் தேடுவான். அவன் அக்காவைப் பெரியக்கா என்பான், என்னைச் சின்னக்கா என்பான். நாய் விவகாரத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். கண் தெரியாதவர்கள் வீடு பிடிக்கும்போது போன் அவர்களுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டுமாம். எழுத்தைப் படித்துவிடும், படத்தை எப்படிப் படிக்கும்? ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதாத வீடுகளை வரிசையில் கீழே தள்ளிவிடுகிறார்களாம். உங்களுக்குத்தான் வீடெல்லாம் அத்துப்படி, எழுதவும் வரும், நீங்களே எழுதிவிடுங்கள் என்றான். கூடவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னான்.

"படத்துல என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. அழகா இருக்கு, அருமையா இருக்குன்னு எல்லாம் வேண்டாம். இல்லாததை மட்டும் எழுதிடாதீங்க சின்னக்கா. அவங்க நம்பி வர்றவங்க."

எனக்கு எழுத வரும் என்பது பாதி உண்மைதான். நாற்பதைத் தாண்டித்தான் எழுத்தே படித்தேன். தரை துடைக்கிற பாட்டிலுக்குப் பதிலாக வேறொரு பாட்டிலை ஊற்றி ஒரு வீட்டுத் தரையையே வெளுக்க வைத்த பிறகு வந்த ரோஷம் அது. பள்ளிக்கூடம் எல்லாம் போகவில்லை. போனில் எழுத்தைத் தொட்டால் அது படித்துச் சொல்லும் ஒரு வசதி உண்டு. கண் தெரியாதவர்களுக்காக வைத்ததுதான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் குரலோடு சேர்ந்து நானும் முணுமுணுப்பேன். அது சொல்லும், நான் எழுத்தைப் பார்ப்பேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "ஆபீஸர் மேடம், பஸ் நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க" என்று நாலு பேர் நடுவில் கத்துவாள். நான் சரியாகப் படித்துவிட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பெருமையை அவளுக்குக் காட்டத் தெரியாது.

முதல் சில படங்களுக்கு எழுதியதில் சார்ஜர் நிறைய வெட்டினான். குளியலறைப் படத்துக்கு, "குழாய் நல்ல குழாய், ஆனால் இறுக்கி மூடாவிட்டால் ஒழுகும்" என்று எழுதியிருந்தேன். ஒழுகுவது படத்தில் தெரிகிறதா என்று கேட்டான். தெரியவில்லைதான். எடுத்துவிட்டேன். போகப் போகப் பிடிபட்டது. வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன, நடந்தால் காலில் எது இடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எழுதி முடித்ததும் போனைப் படிக்க விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அறை கண்ணுக்குள் வந்தால் சரி, வராவிட்டால் திரும்ப எழுதுவேன்.

மாடி வீட்டின் மூன்றாவது படம் படுக்கையறை. அந்த அறை எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்பப் பழக்கம். நடுவில் பெரிய கட்டில். ஜன்னலோரம் பச்சை மெத்தை போட்ட ஒரு மர நாற்காலி. வெளியே தண்ணீர் தெரியும். அந்த நாற்காலி மேல் அக்காவுக்கு ஒரு கண். விருந்தாளிகள் சாமானில் நாங்கள் உட்காரக் கூடாது என்பது சட்டம், உட்காரவும் நேரம் இருக்காது. விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறும்போது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "ஒரு நாளைக்கு இதுல சாஞ்சு உக்காந்துகிட்டு, நீ தனியா மாரடிக்கிறதைப் பாக்கணும்டி." நானும் பதிலுக்கு, உன் உடம்புக்கு அந்த நாற்காலி தாங்காது என்பேன். விரிப்பை மடித்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைச் சேர்க்கும்போது என் விரலை வேண்டுமென்றே ஒரு கிள்ளு கிள்ளுவாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில், நாற்காலி, அலமாரி. அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் யாரோ இருந்தார்கள்.

கட்டிலின் மேல் குனிந்து, விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிற ஒரு பெண். முதலில் அக்கா என்று தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் வலது கையால் செருகினாள். அக்கா இடது கைக்காரி. அப்புறம்தான் உறைத்தது, கண்ணாடி இடதை வலதாக்கிக் காட்டும். முதுகைப் பார்த்தேன். கொண்டையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தேன். எழுதத் தெரியாதவள், கொண்டை நிற்பதற்காகப் பேனா செருகுவாள்.

படம் எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. மடிப்புக் கலையக் கூடாது என்று போட்டோக்காரர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அக்கா கடைசி மூலையைச் சரிசெய்துவிட்டு நகர்வதற்குள் அவர் அமுக்கியிருக்க வேண்டும். கண்ணாடியை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா படம் எடுக்க ஒத்துக்கொள்ளாதவள். யாராவது போனைத் தூக்கினாலே முகத்தை மூடிக்கொள்வாள். கேட் பாஸில் ஒட்டிய படம் ஒன்று உண்டு, அதில் திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். அது யாரோ. அவளாகவே இருக்கிற படம் உலகத்தில் இது ஒன்றுதான். அதுவும் முகம் தெரியாமல்.

அன்றைக்கு நான் எழுதியது இது: "படுக்கையறை. இடது பக்கம் ஜன்னல், ஜன்னலோரம் பச்சை மெத்தை போட்ட மர நாற்காலி. நடுவில் பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு. வலது பக்கம் அலமாரி, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு பெண் தெரிகிறாள். கட்டிலின் மேல் குனிந்து விரிப்பைச் செருகிக்கொண்டிருக்கிறாள்."

படத்தில் இருப்பதைத்தானே எழுதச் சொன்னான். சார்ஜர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தானோ என்னவோ, படிக்காமலே சரி என்று அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த வீட்டின் புக்கிங் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது படத்தைத் தொட்டு, குரலைக் கேட்பேன். கண்ணாடியில் ஒரு பெண் தெரிகிறாள் என்று அந்தக் குரல் சொல்லும்போது நெஞ்சுக்குள் என்னவோ இறங்கும். உணர்ச்சியே இல்லாத குரல்தான், ஆனாலும் அவளைப் பற்றி ஒருத்தர் பேசுகிறார்களே. என் வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? சமைக்கும்போதும் கேட்டேன். படுப்பதற்கு முன்னாலும் கேட்டேன்.

பிறகு ஒரு நாள் மாடி வீட்டைத் திறந்து உள்ளே போனால், கட்டிலில் விரிப்பு போட்டபடி இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நல்ல விருந்தாளி போலிருக்கிறது, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு, துவைக்கப் போட விரிப்பை உருவப் போனேன். முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனை. கூடையில் பழைய விரிப்பு சுருட்டிக் கிடந்தது. கட்டிலில் இருந்தது புதுசு. சரி, ரொம்ப ரொம்ப நல்ல விருந்தாளி என்று மூலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நான் மூலையைச் செருகினால் மடிப்பு ஒரு பக்கமாக விழும். அக்கா செருகினால் எதிர்ப்பக்கம் விழும். இடது கைக்காரி ஆயிற்றே. நாலு மூலையும் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தன.

நான் கத்தவில்லை, ஓடவும் இல்லை. "அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடினேன்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். கீழ் வீடுகளில் எதுவும் நடக்கவில்லை, மாடி வீட்டில் மட்டும்தான். யாரிடம் சொல்வது? சொன்னால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள். அதோடு, சும்மா சொல்லக் கூடாது, என் இடுப்புக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. தனியாக அந்தப் பெரிய மெத்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. அக்கா கை கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போனதும் அவளிடம் ஊர்க்கதை பேசினேன், சார்ஜரைப் பற்றிக் கோள் சொன்னேன். பதில் வராது. விரிப்பு மட்டும் அப்போதுதான் உதறிப் போட்ட மாதிரி குளிர்ந்திருக்கும்.

அப்படியே போயிருக்கும், அந்த மனிதர் வராமல் இருந்திருந்தால்.

ஒரு காலை நான் வாளியோடு மாடி ஏறினால், வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பார்வை இல்லாதவர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர் என்று சார்ஜர் சொல்லியிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

"நீங்க வேற ஒருத்தர். அந்தம்மா நடை இப்படி இல்லை. அவங்க எங்கே?"

எந்தம்மா என்று கேட்டேன்.

வீட்டோடு இருக்கிறவர்கள்தான் என்றார் அவர், சாதாரணமாக. புக்கிங் செய்யும்போதே மூன்றாவது படத்துக்கு எழுதியிருந்ததில் கேட்டாராம், ஒரு பெண் விரிப்பைச் செருகிக்கொண்டிருக்கிறாள் என்று. சரி, அறைக்கு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். புது இடம், ஜன்னல் எந்தப் பக்கம், அலமாரி எந்தப் பக்கம் என்று அடிக்கடி மறந்துபோகும். அப்போதெல்லாம் போனை எடுத்து அதைத் திரும்பப் படிக்க விடுவாராம். படித்து முடித்ததும் அறைக்குள் விரிப்பு உதறுகிற சத்தம் கேட்குமாம்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றேன்.

"ஒவ்வொரு தடவையும். எனக்குக் காதுதான் எல்லாம். அது தப்பாச் சொல்லாது. அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க. மெத்தையைத் தூக்கும்போது ஒரு முனகல், பல்லைக் கடிச்சுகிட்டு. போதும்மா, கொஞ்சம் உக்காருங்கன்னு சொன்னேன். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டேன். கேக்கவே இல்லை. யாரோ விரட்டுற மாதிரி செஞ்சுகிட்டே இருக்காங்க. நீங்க கூட வேலை செய்யறவங்கதானே? கொஞ்சம் சொல்லுங்க."

கீழே கார் ஹார்ன் அடித்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். வாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நான் நின்றேன்.

ஒவ்வொரு தடவையும் என்றாரே. அப்படியானால் நான் கேட்ட தடவையெல்லாம்? பஸ்ஸில், அடுப்படியில், படுக்கையில். எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று எழுந்ததும் ஒருமுறை, இறங்குவதற்கு முன் ஒருமுறை. நான் தொடும்போதெல்லாம் அவளை எழுப்பி, குனிய வைத்து, மெத்தையைத் தூக்க வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது முதலாளி வாங்காத வேலையை, செத்தபிறகு கூடப் பிறந்தவள் வாங்கியிருக்கிறேன். அவள் கை கொடுக்கவில்லை. குனிந்திருக்கிறாள் என்று எழுதி வைத்துவிட்டேன். நிமிர வழியில்லாமல் குனிந்துகொண்டே இருக்கிறாள்.

படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் விரிப்பு போட்டபடி இருந்தது. நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் இழுத்துப் போட்ட இடத்தில், காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலையை முடித்தேன்.

அன்று சாயங்காலமே சார்ஜர் தேடிக்கொண்டு வந்துவிட்டான், நான் துணி துவைக்கும் அறைக்கு. அந்த மனிதர் அவனுக்கும் போன் செய்திருக்கிறார், வீட்டில் இருந்த அம்மாவைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று. விருந்தாளி இருக்கும்போது யாரை உள்ளே விட்டீர்கள் என்று என்னைக் கேட்டான். யாரையும் விடவில்லை என்றேன். பின்னே அவர் சொல்வது யாரை என்று கேட்டான். நான் மூன்றாவது படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

எழுதியிருந்ததைப் படித்தான். படத்தை விரலால் பெரிதாக்கினான். மெஷின் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றதும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"பெரியக்காதானே" என்றான் கடைசியில்.

ஆமாம் என்றேன்.

விளக்கம் எதுவும் அவன் கேட்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, போட்டோக்காரரை வரச்சொல்கிறேன், நாளைக் காலையில் ஆள் கிளம்பியதும் அறையைத் தயாராக்கி வையுங்கள், புதுப் படம் போட்டுவிடலாம் என்றான். போகிறவன் திரும்பி வந்தான். இந்தப் படத்தை எடுத்துவிட்டால் போய்விடும், உங்கள் போனுக்கு ஒரு காப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். நல்ல பையன்தான்.

வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளுடைய படம் என்று சொல்ல வேறு எது இருக்கிறது என்னிடம்? ஆனால் என் போனுக்கு வந்தாலும் அவள் குனிந்துகொண்டுதானே வருவாள். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் எழுப்பாமல் இருக்க முடியாது.

"வேண்டாம் தம்பி. அப்படியே அழிச்சிடு" என்றேன்.

அவன் போனபிறகு, ஈரத்துணிக் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குப் படம் போய்விடும். அதோடு அவளுக்கு விடுதலை என்று சும்மா இருந்துவிடலாம். ஆனால் நான் கடைசியாக எழுதி வைத்தது என்ன? குனிந்திருக்கிறாள் என்று. செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே போனாள். இங்கேயும் குனிந்தபடியே அழிந்து போனால், எங்கே போய் எப்போது நிமிர்வாள்? நிமிர்த்தாமல் அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தைத் திறந்தேன். இல்லாததை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். இவ்வளவு நாளில் நான் அந்தப் பேச்சை மீறியதில்லை. நாற்காலியில் படத்துக்குள் யாரும் இல்லை, எனக்குத் தெரியும். கடைசி வரியை அழித்தேன். எழுத்துக்கூட்டி, மெதுவாக, புதுசாக எழுதினேன்:

"கண்ணாடியில் ஒரு பெண் தெரிகிறாள். வேலை முடிந்துவிட்டது. ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்."

ஒரே ஒருமுறை போனைப் படிக்க விட்டேன். அந்தக் குரல் எப்போதும் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. இரண்டு தடவை விரல் போனது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன். முந்தின நாள் மாடி வீட்டுக்குக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்து, காலையிலேயே கிளம்பியிருந்தது. படியேறும்போது யோசித்துக்கொண்டே போனேன். விரிப்பு போட்டிருந்தால் என்ன செய்வது? போடாமல் இருந்தால் மட்டும் என்ன செய்வது?

கதவைத் திறந்தேன். கட்டிலில் குரங்கு புகுந்த மாதிரி இருந்தது. விரிப்பு பாதி தரையில், தலையணை ஒன்று அலமாரி மேல். மெத்தையில் ஏதோ ஜூஸ் கறை. யாரும் கை வைக்கவில்லை. நான் மட்டும்தான் வைக்க வேண்டும்.

அழுகை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அழுதுகொண்டே கறையைத் துடைத்தேன். புது விரிப்பை உதறினேன். எதிர் முனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் அது ஒரு பக்கமாகவே போய் விழுந்தது. சுற்றி வந்து இழுத்தேன், திரும்பவும் சுற்றி வந்து இழுத்தேன். மெத்தையைத் தூக்கி மூலையைச் செருகும்போது இடுப்பு சுளீர் என்றது. நாலு மூலையும் என் பக்கமாகவே விழுந்தன.

அதற்குப் பிறகுதான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நாற்காலி ஜன்னலோரம், தண்ணீரைப் பார்க்காமல் அறையைப் பார்த்தபடி திரும்பி இருந்தது. கட்டில் பக்கத்திலிருந்து யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்களோ, குழந்தைகளாகவும் இருக்கலாம். பச்சை மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. எழுந்துபோனால் மேலே எழும்பிவிடுகிற மெத்தை அது. எழும்பவில்லை.

கீழே சார்ஜரும் போட்டோக்காரரும் பேசிக்கொண்டே படியேறுகிற சத்தம் கேட்டது. தரை ஒன்றுதான் பாக்கி. மாப்பைப் பிழிந்து, வாசலிலிருந்து ஆரம்பித்துக் கட்டிலைச் சுற்றி, நாற்காலி வரைக்கும் துடைத்துக்கொண்டு வந்தேன். நாற்காலியை நகர்த்த மனசு வரவில்லை.

"காலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கோக்கா" என்றேன்.

ஒரு நிமிஷம் பொறுத்து, அடியில் துடைத்தேன்.